தொண்ணூறு வருட மறதி

உலகத்தில் எந்த உயிரியல் ஆய்வகத்துக்குள் போனாலும் ஒரு பொருள் கண்ணில் படாமல் இருக்காது. உள்ளங்கை அளவில், கண்ணாடி மாதிரித் தெளிவாக, மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தட்டு. பாலிஸ்டைரீனில் செய்தது. அதில் இளஞ்சிவப்பாக ஒரு சத்துநீரை ஊற்றி, செல்களைப் போட்டு, 37 டிகிரிச் சூட்டில் வைத்துவிடுவார்கள். செல்கள் தரையில் ஒட்டி, பரவி, பெருகும். புற்றுநோய் பற்றியும் மருந்துகள் பற்றியும் நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இப்படிப்பட்ட தட்டுகளிலிருந்து வந்ததுதான்.

அந்தத் தட்டு எவ்வளவு கெட்டி? ஒரு பொருளை இழுத்தால் அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதைப் பொறியாளர்கள் பாஸ்கல் கணக்கில் அளப்பார்கள். மூளைத் திசு 1 கிலோபாஸ்கலுக்கும் கீழே. கிட்டத்தட்ட தளதளவென்ற ஜெல்லி. தளர்ந்த நிலையில் இருக்கும் தசை 10 கிலோபாஸ்கல் பக்கம். பாலிஸ்டைரீன்? ஏறத்தாழ 30 லட்சம் கிலோபாஸ்கல். அதற்கு முன்னால் பயன்படுத்திய கண்ணாடி இன்னும் மோசம், சுமார் 7 கோடி.

அதாவது, ஜெல்லியில் பிறந்து ஜெல்லியில் வாழ்கிற ஒரு உயிரைப் பிடித்துப் பாறை மேல் விட்டுவிட்டு, “இது இப்படித்தான் நடந்துகொள்ளும்” என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை. தொண்ணூறு வருடம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வகைக் கதை பழக்கமானதுதான். சோதனைச் சர்வரில் எல்லாம் சரியாக ஓடும், வாடிக்கையாளர் இடத்தில் போட்டால் படுத்துவிடும். கோடை வரி வரியாகப் பார்ப்போம், இரண்டு சர்வரும் ஒன்றல்ல என்பது கடைசியில்தான் உறைக்கும். செல்லின் கோடு டிஎன்ஏ என்றால், அது ஓடுகிற இடம் இந்தத் தரை. தரையும் ஒரு உள்ளீடு என்பதை விஞ்ஞானம் எப்படி மறந்தது, எப்படி மறுபடி கண்டுபிடித்தது?

சிலந்தி வலையில் நடந்த செல்

1907ல் ராஸ் ஹாரிசன் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு தவளைக் கருவிலிருந்து நரம்புத் திசுவைத் துண்டாக வெட்டி எடுத்தார். உறைந்த தவளை நிணநீரின் ஒரு சொட்டில் அதைப் பதித்து, கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பிழை ஒன்று செல்லிலிருந்து புறப்பட்டு நீண்டு வளர்ந்தது. நரம்பிழை எப்படி உருவாகிறது என்று அதுவரை நடந்துவந்த பெரிய சண்டைக்கு அது முடிவு கட்டியது. உடம்புக்கு வெளியே திசு வளர்க்கும் கலை அங்கேதான் தொடங்கியது என்று பாடநூல்கள் சொல்லும்.

ஹாரிசனை நான் இங்கே இழுத்து வருவதற்கு வேறு காரணம். செல்லுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதை அவர் அப்போதே கவனித்துவிட்டார். வெறும் திரவத்தில் விட்டால் நகராத செல், ஏதாவது ஒரு திடப்பொருள் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. இதைச் சோதிக்க அவர் எடுத்தது சிலந்தி வலை. சட்டத்தில் வலையை விரித்து, அதன்மேல் கருச்செல்களை விட்டார். கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி மாதிரி அவை இழையோடு நீண்டு ஊர்ந்தன. 1914ல் இதை விரிவாக எழுதினார். கருச்செல்கள் திடப்பொருள்களுக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு.

அடுத்த அடி ரொம்பச் சின்னது. சிலந்தி வலைக்குப் பதில் வேறொரு இழை, இன்னும் தளர்வான ஒன்று, அதில் என்ன ஆகும்? ஆனால் அந்தக் கேள்வி வரவில்லை. திடப்பொருள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். எவ்வளவு திடம் என்று கேட்கவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், தரை ஒரு பூலியன் மாறியாக இருந்தது. உண்டு, இல்லை, அவ்வளவுதான். அது ஒரு எண்ணாக மாற அடுத்த எண்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

நடுவில் யாரும் சும்மா இருக்கவில்லை. பால் வைஸ், தரையில் இருக்கும் வரிகளும் பள்ளங்களும் செல்லுக்கு வழிகாட்டுவதைக் காட்டினார். 1968ல் மைக்கேல் ஸ்டோக்கரின் குழு, சாதாரணச் செல்கள் ஒட்டிக்கொள்ள இடம் இல்லாவிட்டால் பெருகுவதில்லை என்று அழுத்தமாக நிறுவியது. புற்றுச் செல்களுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை, மிதந்துகொண்டே பெருகும். இது பெரிய விஷயம். ஆனாலும் இங்கேயும் கேள்வி ஒட்டியிருக்கிறதா, மிதக்கிறதா என்பதுதான்.

ஏன் இப்படி? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. நுண்ணோக்கிக்கு ஒளி ஊடுருவும் தட்டையான தளம் வேண்டும், அதைக் கண்ணாடி கொடுத்தது. பிறகு வந்த பிளாஸ்டிக் அதைவிட மலிவு, கழுவ வேண்டாம், தூக்கிப் போடலாம். பாரிஸிலும் பாஸ்டனிலும் பெங்களூரிலும் ஒரே தட்டு என்றால் முடிவுகளை ஒப்பிட முடியும். எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதை யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை. மாற்றாததன் விளைவு எந்த வரைபடத்திலும் தெரியாது.

மிதந்த ஜெல், சுருங்கிய ரப்பர்

முதல் விரிசல்கள் 1970களில் விழுந்தன. கலிஃபோர்னியாவில் ஜோன் எமர்மனும் டோரதி பிடெல்காவும் எலியின் பால்சுரப்பிச் செல்களை வளர்த்தார்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அவை தட்டையாகப் பரவி, பால் சுரக்கும் தொழிலையே மறந்துபோகும். கொலாஜன் ஜெல் மேல் போட்டு, அந்த ஜெல் தட்டோடு ஒட்டியே இருந்தாலும் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஜெல்லை ஓரத்தில் நெம்பி விடுவித்து, சத்துநீரில் மிதக்க விட்டபோது கதை மாறியது. செல்கள் ஜெல்லை இழுத்துச் சுருக்கின. தட்டைத்தன்மை போய் உயர்ந்து நின்றன. ஹார்மோன் கொடுத்தால் பால் புரதம் சுரந்தன. 1977ல் இது வெளிவந்தது. அதே செல், அதே ஜெல், அதே ஹார்மோன். ஒன்று கட்டிப்போட்ட ஜெல், இன்னொன்று அவிழ்த்துவிட்ட ஜெல்.

இதற்குப் பல விளக்கங்கள் சொல்ல முடிந்தது. மிதந்தால் அடிப்பக்கத்திலிருந்தும் சத்து கிடைக்குமே, அதனால் இருக்கலாம். தரையின் நெகிழ்ச்சி அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும்தான்.

மூன்று வருடம் கழித்து, 1980ல், வட கரோலினாவில் ஆல்பர்ட் ஹாரிஸ் தன் சகாக்களோடு செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆடம்பரம் இல்லாத, கிட்டத்தட்ட சமையலறைச் சோதனை. சிலிக்கோன் திரவத்தைக் கண்ணாடியில் தடவி, ஒரு நொடி நெருப்புச் சுவாலையில் காட்டினார்கள். பால் காய்ச்சினால் ஏடு படியும் இல்லையா, அந்த மாதிரி மேலே மட்டும் மெல்லிய ரப்பர் ஏடு படிந்தது. அதன்மேல் செல்களை விட்டார்கள். ஏடு சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழுந்தது. நாம் நிற்கிற ஜமுக்காளத்தைக் கால் விரலால் சுருட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

செல் இழுக்கிறது. அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஓயாமல் தரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவும், ஊர்ந்து போவதற்குத் தேவையானதைவிட எவ்வளவோ அதிக வலுவோடு. அந்த அதிக வலு எதற்கு? கொலாஜன் இழைகளை இழுத்து அடுக்கி உடம்பின் திசுக்களை வடிவமைக்க என்று ஹாரிஸ் வாதிட்டார். அது நல்ல பதில். அதே இழுப்பு செல்லுக்குத் தகவலும் கொண்டுவருகிறது என்பது பின்னால் தெரிய வந்தது.

அக்ரிலமைடு

1997ல் மசாசூசெட்ஸில் ராபர்ட் பெல்ஹாம், யூ-லி வாங் இருவரும் அந்த மாறியை எண்ணாக்கினார்கள். அவர்கள் எடுத்த பொருள் எந்த ஆய்வகத்திலும் அலமாரியில் கிடப்பதுதான். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கப் பயன்படும் பாலிஅக்ரிலமைடு ஜெல். அதில் நீண்ட சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்க இன்னொரு வேதிப்பொருள் சேர்ப்பார்கள். அதைக் கூட்டினால் ஜெல் கெட்டி, குறைத்தால் தளர்வு. செல் இந்த ஜெல்லில் நேரடியாக ஒட்டாது. அதனால் எல்லா ஜெல்லின் மேலும் ஒரே மாதிரி கொலாஜன் பூசினார்கள். செல்லின் “கைக்கு”த் தட்டுப்படும் வேதியியல் ஒன்றே. அடியில் உள்ள கெட்டித்தன்மை மட்டும் வேறு.

முடிவு தெளிவாக இருந்தது. கெட்டியான ஜெல்லில் செல்கள் நன்றாகப் பரவி, தரையோடு உறுதியான பிடிப்புகள் போட்டன. தளர்ந்த ஜெல்லில் பரப்பு குறைந்து, பிடிப்புகள் நிலைக்காமல், அமைதியில்லாமல் அலைந்தன.

மூன்று வருடம் கழித்து வாங் குழு இன்னொன்று செய்தது. ஒரே தளத்தில் ஒரு பாதி தளர்வு, மறுபாதி கெட்டி. தளர்ந்த பக்கத்திலிருந்து எல்லைக்கு வந்த செல்கள் தயங்காமல் தாண்டிப் போய்ப் பரவி உட்கார்ந்தன. கெட்டியான பக்கத்திலிருந்து வந்தவை எல்லையைத் தொட்டதும் திரும்பிவிட்டன. சேற்றுக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு வரப்பிலேயே நடப்போமே, அதுபோல. இந்த நடைக்கு டூரோடாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் டூருஸ் என்றால் கெட்டி.

இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்

கண் இல்லை, கை இல்லை, மூளை இல்லை. செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

சந்தையில் வெண்டைக்காய் முற்றலா இளசா என்று பார்க்க நுனியை ஒடிக்கிறோம். மாம்பழத்தை அமுக்குகிறோம். வாசனை தானாக மூக்குக்கு வரும், சூடு தானாகத் தோலுக்கு வரும். கெட்டித்தன்மை மட்டும் தானாக வராது. நீங்கள் ஏதாவது செய்தால்தான் அது பதில் சொல்லும். நெட்வொர்க்கில் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிங் அனுப்புவோம் அல்லவா, அதே கதைதான். ஹாரிஸின் ரப்பரில் தெரிந்த அந்த இழுப்புதான் செல்லின் பிங்.

இழுக்கிற எந்திரம் நம் தசையில் இருக்கும் அதே ஜோடி, ஆக்டினும் மயோசினும். செல்லுக்குள் ஆக்டின் இழைகள் கயிறு மாதிரி ஓடும், மயோசின் அதைப் பிடித்து இழுக்கும். செல்லின் தோலைத் துளைத்து நின்று வெளியே உள்ள கொலாஜனைப் பிடிக்கும் கொக்கிகளுக்கு இன்டெக்ரின் என்று பெயர். கொக்கியையும் கயிற்றையும் இணைக்கும் புரதம் டாலின்.

தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் தேர் இருந்தால், இழுத்த உடனே வடம் விறைத்துக்கொள்ளும். மறுமுனையைச் சேற்றில் நட்ட ஒரு குச்சியில் கட்டியிருந்தால் குச்சி கூடவே சாய்ந்து வரும், வடம் தொய்வாகவே இருக்கும். இன்டெக்ரின் கொக்கியின் பிடி நிரந்தரம் இல்லை, சில நொடிகளில் நழுவும். தளர்ந்த தரையில் வடம் விறைப்பதற்குள் கை நழுவிவிடுகிறது. கெட்டியான தரையில் நழுவுவதற்குள் வடம் விறைத்துவிடுகிறது. விறைத்தால் டாலின் என்கிற மடிப்பு பிரியும். உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளியே வரும், அதில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து உட்கார்ந்து பிடிப்பை உறுதியாக்கும். 2009ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷீட்ஸ் இருந்த குழு, டாலின் மூலக்கூறுகளைக் காந்த விசையால் இழுத்து, இழுத்தால் வின்குலின் கூடுதலாக ஒட்டுவதைக் காட்டியது. விசை இப்படித்தான் வேதியியல் செய்தியாக மாறுகிறது.

அந்தச் செய்தி மரபணு வரை போக வேண்டுமே? 2011ல் இத்தாலியின் படுவாவில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு ஒரு தூதரைக் கண்டது. யாப், டாஸ் என்ற இரட்டைப் புரதங்கள். கெட்டியான தரையில் இவை செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகின்றன. தளர்ந்த தரையில் வெளியிலேயே நிற்கின்றன. கலிலியோ பதினெட்டு வருடம் பாடம் சொன்ன ஊர் அது. அங்கே இயந்திரவியல் மறுபடியும் ஒரு புது வாசலைத் திறந்தது.

எலும்பாகவா, நரம்பாகவா

இந்தக் கதையை எல்லாரும் திரும்பிப் பார்க்க வைத்தது 2006ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை. ஆடம் எங்லர், ஷாமிக் சென், லீ ஸ்வீனி, டென்னிஸ் டிஷர். (ஷாமிக் சென் பின்னாளில் மும்பை ஐஐடியில் பேராசிரியர் ஆனார்.) எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை மூன்று வகை ஜெல்லில் வைத்தார்கள். சத்துநீர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மூளை அளவுக்குத் தளர்ந்த, 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் ஜெல்லில் செல்கள் கிளை விட்டு நரம்புச் செல் சாயலுக்கு வந்தன. தசை அளவில், 8 முதல் 17ல், கதிர் வடிவில் நீண்டு தசையின் அடையாளப் புரதங்களைச் செய்தன. எலும்பாகக் கெட்டிப்படுவதற்கு முந்தைய திசு அளவில், 25 முதல் 40ல், எலும்புச் செல் வழியில் போயின. மயோசினை முடக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த வித்தியாசம் நின்றுபோனது. இழுக்க முடியாத செல்லுக்குத் தரை புரியவில்லை.

நீ என்னவாகப் போகிறாய் என்பதை நீ நிற்கும் தரை சொல்கிறது. கேட்கவே கவிதை மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்த மாதிரி இடத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கணும். விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 2012ல் ஒரு பிரிட்டிஷ் குழு கேட்டது: குறுக்குப் பிணைப்பைக் குறைத்தால் ஜெல்லின் துளைகளும் மாறுகின்றன, கொலாஜன் ஒட்டியிருக்கும் விதமும் மாறுகிறது. செல் உணர்வது தரையின் கெட்டியையா, கொலாஜன் கட்டிய முடிச்சின் உறுதியையா? 2014ல் எங்லரின் குழு, துளைகளை மாற்றி கெட்டியை மாற்றாமல் வைத்துச் சோதித்து, கெட்டித்தன்மைதான் முக்கியம் என்று பதில் சொன்னது. அதோடும் முடியவில்லை. உடம்பின் திசு ரப்பர் மாதிரி இல்லை, பிசைந்த மாவு மாதிரி. அமுக்கினால் முதலில் எதிர்க்கும், பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுக்கும் வேகத்தையும் செல் படிக்கிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. ஒற்றை எண்ணும் போதவில்லை.

கட்டியும் கல்லீரலும்

புற்றுக்கு நம் பேச்சில் “கட்டி” என்றுதான் பெயர். மார்பில் கட்டி, கழுத்தில் கட்டி. விரலால் அமுக்கித்தான் கண்டுபிடிக்கிறோம், கெட்டியாக இருப்பதால்தான் அது விரலுக்குத் தட்டுப்படுகிறது. மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைத் தொட்டறிந்தவர்கள். ஆனால் அந்தக் கெட்டி நோயின் விளைவு என்று மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 2005ல் வலரி வீவரின் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. கெட்டித்தன்மையே நோயை முன்னால் தள்ளினால்?

தளர்ந்த ஜெல்லில் சாதாரண மார்பகச் செல்கள் உள்ளே வெற்றிடம் விட்டு அழகான உருண்டைகளாக அடுக்கிக்கொள்ளும். ஜெல்லைக் கெட்டியாக்க ஆக்க அந்த ஒழுங்கு குலைந்து, கட்டியின் சாயல் வந்தது. மரபணுவைத் தொடவே இல்லை. 2009ல் அதே குழு எலிகளில் கொலாஜனைக் குறுக்கே பிணைக்கும் ஒரு நொதியைத் தடுத்தது, கட்டிகள் குறைந்தன.

தமிழில் கல்லீரல் என்கிறோம். நலமான ஈரல் கல் இல்லை, தொட்டால் மெத்தென்று இருக்கும். நோய்தான் அதைக் கல்லாக்குகிறது. கல்லீரலில் தழும்பு திசு போடும் செல்கள் கெட்டியான தரையில்தான் சுறுசுறுப்பாகின்றன, அவை போடும் தழும்பு தரையை இன்னும் கெட்டியாக்குகிறது. ஒரு முடிவில்லாச் சுழல். 2007ல் பென்சில்வேனியாவில் எலிகளில் பார்த்தபோது, தழும்பு குவிவதற்கு முன்பே ஈரல் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. இன்று நம்மூர் மருத்துவமனைகளிலும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. விலாவில் ஒரு சின்னத் தட்டு தட்டி, அந்த அதிர்வலை ஈரலுக்குள் போகும் வேகத்தை வைத்துக் கெட்டித்தன்மையைக் கணக்கிடும். ரிப்போர்ட்டில் கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அப்படியானால் தரையை இளக்கினால் நோய் போய்விடுமா? அவ்வளவு சுலபமாக இல்லை. சிம்டுசுமாப் என்ற மருந்து, கொலாஜனைப் பிணைக்கும் நொதிகளில் ஒன்றைத் தடுப்பதற்காக வந்தது. ஈரல் தழும்பிலும் கணையப் புற்றிலும் மனிதர்களிடம் சோதித்தபோது பலன் இல்லை. 2014ல் எலிகளின் கணையப் புற்றைச் சுற்றியிருந்த தழும்பு செல்களை அழித்துப் பார்த்தார்கள், புற்று இன்னும் மூர்க்கமானது. அந்தக் கெட்டியான சுற்றுச்சுவர் ஒரு பக்கம் புற்றை வளர்த்தாலும் இன்னொரு பக்கம் அடைத்தும் வைத்திருந்தது போலிருக்கிறது. தரை ஒரு உள்ளீடு என்று தெரிந்துகொண்டோம். அதை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது இன்னும் கைக்கு வரவில்லை.

இன்னும் அதே தட்டு

2014ல் கொலராடோவில் கிறிஸ்டி ஆன்செத்தின் குழு செய்த ஒரு சோதனையோடு முடிக்கிறேன். ஸ்டெம் செல்களைக் கெட்டியான தரையில் கொஞ்ச காலம் வளர்த்துவிட்டு, பிறகு தளர்ந்த தரைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் மட்டும் கெட்டியில் இருந்தவை பழையபடி இளகின, யாப் உட்கருவை விட்டு வெளியே வந்தது. பத்து நாள் இருந்தவற்றில் யாப் உள்ளேயே தங்கிவிட்டது. தரை மாறிய பிறகும் செல் கெட்டியான தரையில் நிற்பதாகவே நடந்துகொண்டது. இதற்கு இயந்திர நினைவு என்று பெயர்.

சிகிச்சைக்காக ஸ்டெம் செல்களை லட்சக்கணக்கில் பெருக்கும்போது அவை வாரக்கணக்கில் இருப்பது எங்கே? பிளாஸ்டிக்கில். தசை ஸ்டெம் செல்கள் பிளாஸ்டிக்கில் தங்கள் திறனை வேகமாக இழக்கின்றன, தசை அளவு தளர்ந்த ஜெல்லில் காப்பாற்றிக்கொள்கின்றன என்று 2010லேயே ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் குழு காட்டிவிட்டது. நோயாளியின் உடம்புக்குள் நாம் அனுப்பும் செல், தான் வளர்ந்த பாறையின் ஞாபகத்தோடு போகலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் பாலிஸ்டைரீன் தட்டுதான் ராஜா. காரணம் எந்தப் பழைய சிஸ்டத்துக்கும் உள்ளதுதான்: மலிவு, பழக்கம், பல பத்தாண்டுத் தரவு முழுக்க அதன்மேல் நிற்கிறது. அதை மாற்றினால் எதோடு ஒப்பிடுவது? அந்தத் தரவெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசிகள் வேலை செய்தன, மருந்துகள் உயிர் காத்தன. ஆனால் அந்தக் கட்டுரைகளில் “செல் இப்படிச் செய்யும்” என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் “30 லட்சம் கிலோபாஸ்கலில்” என்ற இரண்டு மூன்று சொற்கள் விடுபட்டிருக்கின்றன. அடுத்த முறை ஏதாவது ஒரு மருந்து ஆய்வகத்தில் புற்றுச் செல்களைக் கொன்றுவிட்டதாகச் செய்தி படித்தால், அந்தச் செல்கள் எதன்மேல் நின்றிருந்தன என்று தேடிப் பாருங்கள்.